நைட்டிப் பைக்குள் மாத்திரை

ஜெபமலருக்கு நைட்டி விற்கத் துப்புக் கிடையாது. தூண் மாதிரி இருக்கிறவளுக்கு மீடியத்தையும், துடைப்பக்குச்சி மாதிரி இருக்கிறவளுக்கு டபுள் எக்ஸ்எல்லையும் எடுத்து நீட்டுவாள். பள்ளிபாளையத்துப் பெண்கள் நூலிலேயே பிறந்து நூலிலேயே வளர்ந்தவர்கள். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இது நாலு தொவைக்குத் தாங்குமா?" என்று கேட்டால் அவளுக்கு முழி பிதுங்கும். இருந்தாலும் மாதம் தவறாமல் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குள் வந்துவிடுவாள்.

வராமல் முடியாது. அவள் நைட்டிக்காரி இல்லை. அரசாங்கத்து மனநல நர்ஸ். மடித்து வைத்த நைட்டிகளுக்கு அடியில், பையின் வயிற்றில், மாத்திரை அட்டைகள் கிடக்கும்.

சர்க்கரை வியாதிக்கு நர்ஸ் வந்தால் ஊரே பெருமையாகச் சொல்லும். "எனக்கு முன்னூறு, உனக்கு எவ்வளவு?" என்று பந்தியில் உட்கார்ந்து ஜிலேபி தின்றுகொண்டே பேசுவார்கள். மண்டைக்கு நர்ஸ் வந்தாள் என்று தெரிந்தால் போச்சு. அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள், குழந்தையைக்கூட அந்த வாசலில் விளையாட விட மாட்டார்கள். மூளையும் உடம்பில் ஒரு உறுப்புதான் என்று அந்த மூளைக்கே தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

நைட்டி யோசனை, அந்தச் சந்தில் மகனுக்காக மாத்திரை வாங்குகிற மஸ்தான் பீவியுடையது. முதல் தடவை ஜெபமலர் வெள்ளைக் கோட்டோடு போய் நின்றபோது, அந்த அம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போவும் சிஸ்டர். இந்த உடுப்போட வராதீங்க. என்ற பையன் வாழ்க்கைல மண்ணப் போட்ராதீங்க."

"பின்ன எப்புடி வரச் சொல்றீங்க? புர்கா போட்டுக்கிட்டா?"

அழுதுகொண்டிருந்த மஸ்தான் பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் தையல் மிஷின் இருந்தது; பக்கத்தில் அவள் தைத்து அடுக்கிய நைட்டிகள். ஒரு கட்டை எடுத்து ஜெபமலர் மடியில் வைத்தாள். "இதத் தூக்கிட்டு வாங்க. எத்தன தடவ வந்தாலும் ஒருத்தியும் ஏன்னு கேக்க மாட்டா."

அன்றைக்கு ஆரம்பித்தது. அந்தச் சந்தில் இன்னும் சில வீடுகளிலும் ஆள் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தறி ஓட்டுகிற சுகன்யா, பிள்ளை பெற்ற பிறகு சாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவள், நைட்டி பார்க்கிற சாக்கில்தான் மாத்திரை வாங்கினாள். அவள் மாமியாருக்கே தெரியாது.

ஜெபமலர் சேலத்தில் பிறந்தவள். மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. கன்னியாஸ்திரிகள் கைதூக்கிவிட்டதில் நர்ஸ் படித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் இருந்தாள். வாய்தான் சும்மா இருக்கவில்லை. மேலே இருந்த ஒருத்தரை எதிர்த்துப் பேசியதற்குத் தண்டனையாக மனநோய் வார்டில் தூக்கிப் போட்டார்கள். ஒரு மாதம் அழுதாள். பிறகு அழுகையை விட்டுவிட்டாள். அந்த வார்டுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஒருத்தரும் பார்க்க வர மாட்டார்கள். கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். விட்டுப் போனவர்களுக்குத் தலைசீவி, நகம் வெட்டி, மாத்திரை விழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியில் பார்த்துப் பார்த்து, அவளுக்கு அந்த வேலை ஒட்டிக்கொண்டது. வார்டிலிருந்து வீடு திரும்பியவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி வந்து நிற்பதைப் பார்த்து, ஊர் ஊராகப் போகிற வேலையை அவளே கேட்டு வாங்கினாள்.

புருஷன் தோமினிக் சங்ககிரியில் லாரி டயர் வேலை பார்க்கிறவன். "ஊட்ல ஒண்ணு, ஊர்ல நூறு. எந்தப் பைத்தியம் உனக்குத் தொல்ல கம்மி?" என்பான்.

"ஊருல இருக்கறதுக்கு மாத்திர இருக்குது. ஊட்ல இருக்கறதுக்குத்தான் இன்னும் கண்டுபுடிக்கல."

மஸ்தான் பீவியின் மகன் ஃபைஸானை அவள் முதலில் பார்த்தது அந்த வார்டில்தான். அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஊரிலுள்ள தறியெல்லாம் தனக்கே சொந்தம் என்று சொல்லி, செத்துப்போன அத்தாவின் வண்டியை யாருக்கோ தானம் கொடுத்துவிட்டு, தூக்கமே இல்லாமல் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்று லாரிகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தவனைக் கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். லித்தியம் மாத்திரை அவனைக் கீழே இறக்கியது. அன்றைக்கு ஜெபமலர் மஸ்தான் பீவிக்கு விளக்கினாள்.

"இது உப்பு சாதி மாத்திரைங்க. கொழம்பு வத்துனா உப்புக் கரிக்குதில்ல? ஒடம்புல தண்ணி வத்துனா இதுவும் அப்புடித்தான், ரத்தத்துல ஏறிக்கும். தண்ணி நல்லாக் குடிக்கோணும்."

மஸ்தான் பீவி தலையாட்டினாள். மகனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள். வருஷங்கள் ஓடின. ஃபைஸான் பாவுநூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லில் வேலைக்குப் போனான். கை நிறையச் சம்பளம் இல்லை, ஆனால் ஒழுங்காகப் போனான், ஒழுங்காக வந்தான். ஒழுங்கு என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று வெளியாருக்குப் புரியாது.

அந்த வருஷம் ரமலான் வெயிலோடு வந்தது. ஜெபமலர் பையை இறக்குவதற்குள் மஸ்தான் பீவி காதில் வந்து சொன்னாள்.

"சிஸ்டர், இந்த வருசம் நோம்பு வெக்கறான்! அவனாக் கேட்டான். விடியறதுக்கு முந்தி சாப்புட, சஹருக்கு எழுப்பி உடும்மாங்கறான். சேலத்துல இருந்து பொண்ணு கேக்குதுங்க. அஸ்பியான்னு பேரு. அவங்க பெரியத்தா நசுருல்லா, மசாலா யாவாரம். பையன் தொழுவறானா, நோம்பு வெக்கறானான்னு விசாரிக்கறாங்களாம். வெக்கறான்னு சந்தே சொல்லுதுங்க!"

மற்ற வருஷங்களில் அவன் நோன்பு வைத்ததில்லை. வயிற்றுப் புண் என்று மஸ்தான் பீவி ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள். இந்த வருஷம் அந்தப் பொய்க்கு வேலை இல்லை. சைசிங்கில் ஆவிக்குள் நின்று வேலை பார்த்துவிட்டு, நாக்கை நனைக்காமல், பையன் நிமிர்ந்து பள்ளிவாசலுக்கு நடந்தான். அவன் தெளிந்துவிட்டான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜெபமலருக்கும் கண் கலங்கியது. அவளும் மனுஷிதானே. பல வருஷம் தண்ணீர் ஊற்றிய செடியில் ஒரு பூ. "நல்லதுங்க்கா. மாத்திரைய சஹருக்கு ஒண்ணு, நோம்பு தொறந்தப்பறம் ஒண்ணு குடுத்துருங்க" என்றாள். நேரத்தை மாற்றிக் கொடுத்ததில் தான் கெட்டிக்காரி என்றுகூட நினைத்தாள். குழம்பும் உப்பும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. சந்தோஷத்துக்குக் கண் மட்டுமல்ல, புத்தியும் கிடையாது.

பெருநாள் நெருங்கும்போது மறுபடி போனாள். சந்தில் காலெடுத்து வைத்ததுமே பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். பெருநாளைக்கு எல்லோருக்கும் புதுத்துணி வேண்டும். மஸ்தான் பீவி வீட்டு நடையில் பையைக் கொட்டி இழுபறி நடந்துகொண்டிருந்தது.

அப்போது ஃபைஸான் வேலையிலிருந்து வந்தான். பரிசலில் நிற்கிறவன் மாதிரி அவன் நடை ஆடியது. செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்தான். பிடித்த கை உதறியது. உதடு வெடித்திருந்தது.

"பாத்தியா, நோம்புக் களப்பு" என்றாள் ஒருத்தி. "நல்ல புள்ள. என்ற மவனும் இருக்கறானே, ஒளிஞ்சு டீ குடிக்கற நாயி."

அந்த உதறல் ஜெபமலருக்கு வார்டிலேயே தெரிந்த உதறல். வாயைத் திறந்தாள். என்னவென்று கேட்பது? நைட்டி விற்க வந்தவள், 'தம்பி, வாந்தி வருதா, வயித்தால போவுதா, நாக்கு குழறுதா' என்று அத்தனை பெண்களுக்கு நடுவில் கேட்க முடியுமா? மஸ்தான் பீவியின் முகத்தைப் பார்த்தாள். அவள் பெருமையில் மிதந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த ரோஸ் கலர்ல எக்ஸ்எல் இருக்குதா இல்லியா? எங்க பாக்கறீங்க?"

ஜெபமலர் குனிந்து ரோஸ் கலரைத் தேடினாள். போனில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை, வீட்டில் தோமினிக்குக் காய்ச்சல், பேசவில்லை.

மறுநாள் போன் அங்கிருந்து வந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிற நேரம்.

"சிஸ்டர்..." மஸ்தான் பீவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பையன் உளுந்துட்டானுங்க. கையும் காலும் வெட்டுது. ஈரோட்டுக்குக் கார்ல போய்ட்டு இருக்கறோம்."

"லித்தியம் சாப்புடறான்னு போனதும் மொதல்ல அதச் சொல்லுங்க! கேக்குதுங்களா? வேற எதாச்சும் குடுத்தீங்களா?"

"ஒடம்பு வலின்னான். மெடிக்கல்ல வலி மாத்திர..."

லித்தியத்தை உடம்பை விட்டு வெளியேற விடாத மாத்திரை, அதுவும் சேர்ந்ததா. எரிகிற அடுப்பில் எண்ணெய். "பீவிக்கா, டாக்டர்கிட்டச் சொல்லோணும்!"

மஸ்தான் பீவி குரலைத் தாழ்த்தி, "வண்டி அவங்களுதுங்க. பொண்ணோட பெரியத்தா முன்னால உக்காந்திருக்கறாரு. பையனப் பாக்க வந்த எடத்துல..." என்றாள். போன் வைக்கப்பட்டது.

ஜெபமலர் கையில் கிடைத்த நைட்டிப் பையோடு ஓடினாள். அதை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, பழக்கம். பஸ் பாலத்தில் ஊர்ந்தது. கீழே காவிரியில் பாதி மணல். "மாதாவே, அந்தப் பொம்பள வாயத் தொறக்கோணும்" என்று வேண்டிக்கொண்டே போனாள்.

மாதாவுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்ததுபோல. ஆஸ்பத்திரியில் ஃபைஸானைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். கண் மேலே செருகியிருந்தது. வெயில் தாக்கியது என்று எண்ணி அதற்கான வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லியிருந்தாள் பெற்றவள். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு நசுருல்லா நின்றிருந்தார். சந்துப் பெண்கள் இரண்டு பேர், கூட ஆட்டோவில் வந்தவர்கள், ஜெபமலரைப் பார்த்ததும் வாய் பிளந்தார்கள்.

"நைட்டியக்கா! நீங்க எங்க இங்க?"

ஜெபமலர் நேராகக் கட்டிலருகே போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண்.

"நீங்க யாரும்மா? வெளிய நில்லுங்க."

"அவங்க நைட்டி விக்கறவங்க டாக்டரம்மா, எங்க சந்துக்கு வருவாங்க" என்றாள் கூட வந்தவள், உதவி செய்கிற நினைப்பில்.

மஸ்தான் பீவி ஜெபமலரின் முந்தானையைப் பிடித்தாள். அவள் கண் கெஞ்சியது. அந்தக் கண்ணை ஜெபமலர் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கனவில் பார்த்தாள். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் டாக்டர் திரும்பிவிட்டாள், ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தன் ஜெபமலரை வெளியே தள்ளத் தோளில் கை வைத்தான், கட்டிலில் ஃபைஸானின் உடம்பு மறுபடி வெட்ட ஆரம்பித்தது.

"நான் நைட்டிக்காரி இல்ல!" என்று கத்தினாள். "கவர்மென்ட் மனநல நர்ஸ். இந்தப் பையன் வருசக்கணக்கா லித்தியம் சாப்புடறான். நோம்பு வெச்சு ஒடம்பு காஞ்சு கெடக்குது. மருந்து விசமா ஏறிப்போச்சு. ரத்தத்த எடுத்துப் பாருங்க!"

முந்தானையைப் பிடித்திருந்த கை நழுவியது.

பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், வேறு பெரிய இடத்துக்கு மாற்றினார்கள், மிஷின் வைத்து ரத்தத்தைக் கழுவினார்கள். நசுருல்லா காரைத் தந்தார், கூடவே வந்தார், பிழைத்துவிடுவான் என்று சொல்கிறவரை நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தோடு சரி, ஒன்றும் தின்னாமல் நின்றார். நல்ல மனுஷன். போகும்போது மஸ்தான் பீவியின் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. நோயாளிக்கு நோம்பு கடமையில்லன்னு அல்லாவே சொல்லியிருக்கறான். நானே வெக்க வேணாம்னு சொல்லியிருப்பனே."

மஸ்தான் பீவி தலையைத் தூக்கவில்லை. "பொண்ணு..." என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி வைத்துக்கொண்டார். "அது வேற விசயம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஃபைஸான் பிழைத்தான். பிழைத்தது முழுசாக இல்லை. கை உதறல் நிற்கவில்லை, நடை நேராகவில்லை, பேச்சு வாயில் கல் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. போகப்போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். சைசிங்கில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். லித்தியத்தை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார்கள்.

பெருநாள் கழிந்து ஜெபமலர் சந்துக்குப் போனாள். பையும் தோளில் இருந்தது. வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். வழக்கமாக மாத்திரை வாங்குகிற வீடுகள்தான் முதலில் கதவைச் சாத்தின. அவள் யார் என்று இப்போது தெருவுக்கே தெரியும். அவள் எந்தப் படி ஏறுகிறாளோ அந்த வீட்டுக்கு முத்திரை விழும். சுகன்யா ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

"மாத்திர தீந்து போச்சா சாமி?" என்று ஜெபமலர் உதட்டை அசைத்தாள்.

"போயிருங்க்கா" என்றாள் சுகன்யா, அழுகிற குரலில். "மாமியா பாக்குது. போயிருங்க."

திறந்து கிடந்தது மஸ்தான் பீவியின் கதவு மட்டும்தான். இனிமேல் எதை மூடி என்ன?

ஃபைஸான் பாயில் உட்கார்ந்திருந்தான். தையல் மிஷின் மேல் தூசி. ஜெபமலர் புது மாத்திரையை எடுத்து வைத்து, எந்த நேரம் எத்தனை என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"என்றகிட்டச் சொல்லாதீங்க" என்றாள் மஸ்தான் பீவி. "என்ற கையால இனி குடுக்க மாட்டேன்."

"பீவிக்கா, இது வேற மாத்திர. குடுக்கலீன்னா பழையபடி பாலத்துல போயி..."

"கொழம்பு வத்துனா உப்புக் கரிக்கும்னு நீங்கதான சொன்னீங்க? உங்களுக்கும் மறந்து போச்சு, எனக்கும் மறந்து போச்சு. படிச்சவங்க மறந்தாப் பரவால்ல, பெத்தவ மறக்கலாமுங்களா? நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு, என்ற புள்ளைக்கு நானே..." முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஜெபமலர் சொம்பில் தண்ணீர் மொண்டு, மாத்திரையை ஃபைஸானின் உள்ளங்கையில் வைத்தாள். கை உதறியதில் அது பாயில் விழுந்தது. மறுபடி எடுத்து அவன் வாயிலேயே போட்டாள். பாதித் தண்ணீர் அவன் சட்டையில் போனது. விழுங்கினான். பிறகு அவளைப் பார்த்துக் குழறினான். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது.

"நான் வெச்ச நோம்பெல்லாம்... கூடுமா சிஸ்டர்?"

அந்த நோன்பை அல்லா ஏற்றுக்கொள்வானா என்று சொல்ல ஜெபமலருக்கு அந்த மார்க்கம் தெரியாது. தெரிந்தவள் பதில் சொன்னாள். "கூடும் சாமி. உன்றது கூடும்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் மஸ்தான் பீவி.

அவன் சிரிக்கப் பார்த்தான். "நாளைக்கும்... நீங்க வருவீங்களா? குடுக்க?"

நாளைக்கு ஜேடர்பாளையத்து முறை. மறுநாள் வேறொரு ஊர். இந்தச் சந்துக்கு இனி அடுத்த மாதம்தான்.

"வாரேன் சாமி" என்றாள் ஜெபமலர்.

"பொய் சொல்லாதீங்க சிஸ்டர்" என்றாள் மஸ்தான் பீவி. கோபம் இல்லாத குரல். கோபப்படக்கூட அதில் தெம்பு இல்லை. "நாம ரெண்டு பேரும் சொன்ன பொய் போதுமுங்க."

ஜெபமலர் மாத்திரை அட்டையைத் தையல் மிஷின் மேல் வைத்தாள். மஸ்தான் பீவி அதைத் தொடவில்லை. எடுத்துத் திருப்பியும் கொடுக்கவில்லை. ஜெபமலர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சுகன்யாவின் ஜன்னல் சாத்தியிருந்தது. ஒரு நைட்டியை எடுத்து, அதன் பைக்குள் மாத்திரையைச் செருகி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு நடந்தாள். சந்து முனையில் திரும்பிப் பார்த்தாள். மாமியார் கிழவி வெளியே வந்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ரோஸ் கலர் நைட்டி. சாயத்தண்ணீரில் ஊறி, மெல்லக் கருத்து, கீழே போனது.